செம்மண் ஏறிய இன்ஜின்

சேர்வராயன் கோயிலுக்குள் யாரும் நிமிர்ந்தபடி போக முடியாது. மலையுச்சியில் பாறைக்கு அடியில் தாழ்ந்து கிடக்கிற குகை அது. குனிந்து போனால் உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அங்கிருந்து போகும் இருட்டு வழி காவிரி ஆற்றில் போய் முடிகிறது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். 5,326 அடி உயரத்தில் இருக்கிற சாமிக்கும் மலைக்குக் கீழே எங்கோ ஓடுகிற ஆற்றுக்கும் என்ன உறவு என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். "நம்ம வீட்டுச் சோறே அந்த உறவுலதான்டா வருது" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பா பாக்சைட் சுரங்கத்தில் டைம் கீப்பர். சேர்வராயன் மலையின் தலை தட்டையானது. அந்தத் தட்டையில் சார்னோக்கைட் பாறை லட்சக்கணக்கான வருஷங்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கியது. பாறையிலிருந்த சிலிக்காவை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் மேலே தங்கிவிட்டன. அந்த மண்தான் பாக்சைட். இரும்பு கலந்திருப்பதால் சிவப்பு. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, எங்கள் வாயில் மால்கோ, 1960-இல் தொடங்கி 1965-இல் மேட்டூரில் உற்பத்திக்கு வந்தது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அதற்கு மண் போனது. மண்ணைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரிப்பார்கள். அலுமினாவில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தை எடுப்பார்கள். நாலு டன் மண்ணுக்கு ரெண்டு டன் அலுமினா, ரெண்டு டன் அலுமினாவுக்கு ஒரு டன் அலுமினியம். அப்பா எனக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். மேட்டூரில் காவிரிக்குக் குறுக்கே 1934-இல் கட்டி முடித்த அணையும் அதன் மின்சாரமும் இருந்தன. மலை மண்ணைக் கொடுத்தது, ஆறு மின்சாரத்தைக் கொடுத்தது. அப்பா சொன்ன உறவு இதுதான்.

சுரங்கத்துக்குப் போய்வர அப்பா வைத்திருந்தது ஒரு 350 புல்லட். காபி எஸ்டேட் ஒன்றில் ஓடிக் களைத்த வண்டியை எழுபதுகளின் கடைசியில் வாங்கினார். வண்டி அறுபதுகளில் திருவொற்றியூரில் செய்தது. 1949-இல் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்ய ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார்ஸ், ராணுவத்துக்குப் புல்லட் வாங்கிக்கொடுத்து, 1955-இல் ரெடிட்ச் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவாக ஆன கதை பலருக்கும் தெரியும். இங்கிலாந்தில் கம்பெனி மூடிய பிறகும் இங்கே அதே இன்ஜின் வந்துகொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட்டு, கிராங்க்கேஸ், டைமிங் கவர், கிளட்ச் கவர் எல்லாம் அலுமினிய வார்ப்பு. ஆயில் டேங்க் தனியாகக் கிடையாது. கிராங்க்கேஸின் பின்பக்கத்திலேயே ஓர் அறை ஒதுக்கி அதில் ஆயில் நிற்கும். இந்த விஷயம் பின்னால் முக்கியமாக வரும்.

மலையில் ஓடுகிற வண்டிக்கு ஊரில் ஓடுகிற வண்டியின் ஆயுள் கிடையாது. சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஹெட்டு கொதிக்கும். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் செகண்ட் கியரில் இன்ஜினையே பிடித்துக்கொண்டு வரவேண்டும். மழைக்காலத்தில் லாரி போன தடத்தில் செம்மண் குழம்பாகக் கிடக்கும். அந்தக் குழம்பு சூடான இன்ஜின் மேல் தெறித்துக் காயும். அதன் மேல் ஆயில் கசியும். அதன் மேல் மறுபடி மண் தெறிக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்ணெண்ணெய் துணியோடு உட்காருவார். கைக்கு எட்டிய இடமெல்லாம் துடைப்பார். ஹெட்டின் துடுப்புகளுக்கு நடுவிலும், சிலிண்டருக்கு அடியிலும், கியர் பாக்ஸ் சேருகிற மூலையிலும் துணி போகாது. அங்கே ஏறியது ஏறியதுதான்.

2008-இல் மேட்டூரில் அலுமினியம் உருக்குவது நின்றது. அதற்கு முன்பே அப்பா ஓய்வு பெற்றிருந்தார். வண்டி கொஞ்ச காலம் காய்கறிக்கும் கோயிலுக்கும் போனது. பிறகு பிஸ்டன் பிடித்துக்கொண்டு கொட்டகையில் நின்றது. அப்பா போன பிறகுதான் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. சேலத்தில் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கிற மேஸ்திரி, எழுபது வயதைத் தாண்டியவர், வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "இன்ஜினை இறக்கிடலாம் தம்பி. ஆனா அழுக்கோட என்கிட்ட கொண்டுவராதீங்க. அழுக்குல எதையும் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

அழுக்கை எடுக்க ஊரில் வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் எதையாவது கூடவே எடுத்துக்கொண்டு போகும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் வார்ப்பின் மேல் கோடு கோடாக விழும். எங்கள் பக்கத்தில் ஒரு பட்டறையில் காஸ்டிக் சோடாத் தண்ணீரைக் காய்ச்சி அதில் பாகங்களைப் போட்டுவிடுவார்கள். இரும்புக்கு அது சரி. அலுமினியத்தை அதில் போட்டால் நுரை பொங்கும், உலோகம் கரையும், வெளியே எடுக்கும்போது கருத்துப்போயிருக்கும். மேட்டூரில் செம்மண்ணிலிருந்து அலுமினாவைக் கரைத்து இழுத்த அதே காஸ்டிக்தான். மண்ணில் கிடந்தாலும் இன்ஜினாக நின்றாலும் அதற்குப் பேதமில்லை. அப்படி வெந்து வந்த டைமிங் கவர் ஒன்றை மேஸ்திரி எனக்குக் காட்டினார். ஸ்குரூ ஏறுகிற மரையெல்லாம் பல் கொட்டிப்போயிருந்தது.

மூன்றாவது வழி சாண்ட் பிளாஸ்டிங். காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுத்தம் செய்கிற இந்த முறைக்கு அமெரிக்காவில் பெஞ்சமின் டில்மன் 1870-இல் காப்புரிமை வாங்கினார். கப்பலுக்கும் பாலத்துக்கும் அது பெரிய வரம். அடிக்கிற ஆளுக்கு அப்படியில்லை. மணல் உடைந்து பறக்கிற சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் ஆகும். வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலை அடிக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் 1949-இல் விதியே போட்டார்கள். அலுமினியத்துக்கும் மணல் நல்லதில்லை. மணல் துகள் கூர்மையானது, அலுமினியம் மிருதுவானது. உலர்ந்த மணலை அடித்தால் துகள் உலோகத்துக்குள் குத்தி நிற்கும். மேற்பரப்பு சொரசொரவென்று வெளுத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் தொட்ட விரலின் எண்ணெயையெல்லாம் உறிஞ்சி மறுபடி கருத்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பையன் வெட் பிளாஸ்டிங் பண்ணுகிறான், அவனிடம் போங்கள் என்று மேஸ்திரியே அனுப்பிவைத்தார். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு சில வருஷம் வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். துருப்பிடிக்காத ஸ்டீல் தகட்டில் தானே பெட்டி அடித்து, கண்ணாடி பதித்து, உள்ளே கை நுழைக்க ரப்பர் கையுறைகள் மாட்டி, அடியில் கூம்பு வைத்து, பக்கத்தில் ஒரு பம்பும் பெரிய கம்ப்ரசரும் போட்டிருந்தார்.

வேலை செய்யும் விதம் எளிது. கூம்பில் தண்ணீரும் கண்ணாடி மணியும் கலந்து கிடக்கும். மணி என்றால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு பருமன்தான். கிளாஸ் பீட் என்பார்கள். பம்பு அந்தக் கலவையை அடியில் படியவிடாமல் கலக்கிக்கொண்டே துப்பாக்கிக்கு ஏற்றும். துப்பாக்கியில் காற்று வந்து அதைப் பிடித்துத் தள்ளும். வெளியே வருவது காற்றும் தண்ணீரும் மணியும் சேர்ந்த ஒரு வீச்சு. உள்ளே அடித்தது வழிந்து மறுபடி கூம்புக்கே போய்ச் சேரும்.

தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். "தண்ணி இல்லேன்னா மணி நேரா போய் மோதும் சார். தண்ணி இருந்தா மோதின உடனே வழுக்கிட்டுப் போயிரும். தூசியும் கிடையாது" என்றார். மொத்தக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. மணிக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் மெத்தை மாதிரி நிற்கிறது. அழுக்கைத் தட்டிவிடுகிற வேகம் மணிக்கு இருக்கிறது, உலோகத்துக்குள் குத்தி நிற்கிற வேகம் இல்லை. உருண்டையான மணி லட்சக்கணக்கில் விழுந்து வழுக்கும்போது வார்ப்பின் நுண்துளைகளின் வாயையும் தட்டி மூடிவிடுகிறது. அதனால்தான் இப்படிச் சுத்தம் செய்த அலுமினியம் சீக்கிரம் கறை பிடிப்பதில்லை. கண்ணாடி போல மின்னவும் மின்னாது. மங்கலான, பட்டு மாதிரியான ஒரு வெண்சாம்பல் நிறம். திருவொற்றியூரிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு வார்ப்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்ஜினை அவரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. முதல் வேலை முழுக்கப் பிரிப்பது. மேஸ்திரியின் பட்டறையில் ஹெட்டு, சிலிண்டர், கவர்கள் எல்லாம் தனித்தனியாக வந்தன. பேரிங்குகள் வரவில்லை. கிராங்க்கேஸை அடுப்பில் வைத்துச் சூடேற்றினார் மேஸ்திரி. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டியதும் மரப்பலகையில் ஒரு தட்டு. பேரிங் தானாகக் கீழே விழுந்தது. சுத்தியலால் அடித்து எடுப்பவர்களை அவர் மெக்கானிக் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. பிளாஸ்டிங் பிசுக்கை எடுக்காது, எடுக்கவும் கூடாது. ஆயில் கலந்தால் கூம்பில் இருக்கிற மணியெல்லாம் பிசுபிசுத்து, அடுத்து வருகிற பாகத்தில் கறையாகப் படியும். அதனால் மண்ணெண்ணெய், பிறகு டிகிரீசர், பிறகு சோப்புத் தண்ணீர். இதற்கே நேரம் போதவில்லை. காய்ந்த செம்மண் மட்டும் எதற்கும் அசையாமல் துடுப்புகளுக்கு நடுவில் சுட்ட ஓடாக இறுகிக் கிடந்தது.

மூன்றாவது, அடிபடக்கூடாத இடங்களை அடைப்பது. பேரிங் உட்காரும் குழியில் தேய்ந்த பழைய பேரிங்கையே சொருகினார் பிளாஸ்டிங் பண்ணுகிற தம்பி. மரைத் துளைகளில் பழைய போல்ட்களை ஏற்றினார். ஆயில் வழிகளுக்கு ரப்பர் கார்க். வால்வு உட்காரும் சீட்டுக்கும், கேஸ்கட் பொருந்தும் முகத்துக்கும் தடித்த டேப். கடைசியில் இன்ஜின் நம்பர். கிராங்க்கேஸில் பொறித்த அந்த எண்களின் மேல் ரப்பர் துண்டு ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "இது மங்கிப்போச்சுன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இது உங்க வண்டியே இல்லைன்னுருவாங்க" என்றார். விளையாட்டுப் பேச்சில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்து, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்தோடு கொடுக்க 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது அதில் நிபந்தனை. எங்கள் வண்டி அந்தக் கணக்கில் வரும்.

கிராங்க்கேஸின் இடது பாதியைப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டார். கம்ப்ரசர் நிரம்பி அறுபது பவுண்டு அழுத்தத்தில் நின்றது. துப்பாக்கியை நேராகப் பிடிக்காமல் சாய்த்து, ஒரு சாண் தூரத்தில் வைத்து, கால் பெடலை மிதித்தார். பெட்டிக்குள் வெள்ளைப் புகை மூட்டம். கண்ணாடியின் உள்பக்கத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்க ஒரு குழாய் வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. முதலில் வழிந்தது சாம்பல் நிறத் தண்ணீர். துடுப்பு மாதிரி எழும்பி நிற்கும் விலாக்களுக்கு நடுவே வீச்சு போனதும் சிவப்பாக வழிய ஆரம்பித்தது. சேர்வராயன் மலைமேல் மழை பெய்தால் வாய்க்காலில் ஓடுகிற அதே சிவப்பு. அப்பாவின் மண்ணெண்ணெய்த் துணி எட்டாத இடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த மண். அலுமினியத்திலிருந்து அலுமினிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தோம். எந்த மலையின் மண்ணை உருக்கி அந்தக் கேஸை வார்த்தார்கள் என்று வார்ப்பில் எழுதியிருக்காது. அதன் மேல் ஏறிய மண் எங்கேயிருந்து வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மண் போன இடத்தில் உலோகம் வந்தது. உலோகம் வந்ததும் அதன் மேல் மனிதர்கள் செய்த வேலையெல்லாம் வெளியே வந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வண்டி புதுசாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியிலிருந்து வெளியே வந்த கிராங்க்கேஸ், புதுசாக ஆனதைவிட, படிக்கத் தெரிந்தவனுக்குப் படிக்கக்கூடியதாக ஆகியிருந்தது. மேஸ்திரியிடம் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இங்க பாருங்க" என்று அடிப்பக்கத்தைக் காட்டினார். நாலு விரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் தழும்பு. சுற்றியுள்ள வார்ப்பின் மணல் தடத்திலிருந்து அது வழவழப்பில் வேறுபட்டுத் தெரிந்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. சுரங்கப் பாதையில் கல் தூக்கி அடித்து கிராங்க்கேஸ் விரிசல் விட்டு, ஆயில் முழுக்கக் கொட்டி, அப்பா வண்டியை லாரியில் போட்டுக் கீழே கொண்டுபோன கதையை அம்மா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு சேலத்தில் கேஸ் வெல்டிங்கிலேயே அலுமினியத்தை ஒட்டுகிறவர் ஒருவர் இருந்தாராம். இரும்பு என்றால் சூடு ஏற ஏறச் சிவக்கும், வெல்டருக்கு அடையாளம் தெரியும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பகல் வெளிச்சத்தில் அதுவரைக்கும் நிறமே மாறாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கைவிட்டு ஒழுகிவிடும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் வார்ப்பின் மேல் சலவை சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடேற்றுவார்கள். சோப்பு கருத்தால் வார்ப்பு பதமாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகுதான் ஃப்ளக்ஸும் கம்பியும். "அவரு கை இது. இத்தனை வருஷம் ஒரு சொட்டு விட்டிருக்குதா பாருங்க" என்றார் மேஸ்திரி. பெயரைச் சொன்னார். ஊரில் யாருக்கும் இப்போது அந்தப் பெயர் தெரியாது.

பேரிங் குழிக்குள் இன்னொரு கை தெரிந்தது. குழியின் சுவரில் சென்டர் பஞ்ச் அடித்த சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பேரிங் குழி தேய்ந்து லூசாகிவிட்டால், சுவரில் பஞ்ச் அடித்து உலோகத்தைக் கொஞ்சம் உப்பவைத்து பேரிங்கை இறுக்கமாக உட்காரவைப்பது மலை மெக்கானிக்குகளின் வழக்கம். புத்தகத்தில் இருக்காது. அவசரத்துக்கு வண்டி ஓடும், கொஞ்ச நாளில் மறுபடி லூசாகும். டைமிங் கவரில் ஒரு துளையில் மட்டும் மரை ஒரு சைஸ் பெரிதாக வெட்டியிருந்தது. கிளட்ச் கவரின் உள்பக்கத்தில் ஸ்கிரைபரால் கீறிய ஒரு தேதியும், பக்கத்தில் "ரீபோர்" என்ற சொல்லும் இருந்தன. எண்ணெய்க்கு அடியில் இத்தனை காலம் பேசாமல் இருந்தவை.

எதை விடுவது, எதை மாற்றுவது என்ற பேச்சு அங்கேதான் வந்தது. என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்த வெல்டிங்கை கிரைண்ட் பண்ணி, பஃப் அடிச்சுட்டா பளபளன்னு இருக்கும்ல?" கடையில் இருந்த பாதிப் பேர் அவன் பக்கம். ஷோவுக்குக் கொண்டுபோகிற வண்டிகளில் கிராங்க்கேஸைக்கூட முகம் தெரிகிற மாதிரி பஃபிங் செய்துவிடுகிறார்கள். கம்பெனியில் கவர்களைத்தான் பாலிஷ் செய்வார்கள். கிராங்க்கேஸ் வார்த்த வார்ப்பாகவே வரும். மேஸ்திரி ஒரே வரியில் முடித்தார்: "ஓடுறதுக்கு இடைஞ்சலா இருக்கிறதை எடு. பார்க்கிறதுக்கு இடைஞ்சலா இருக்கிறதை விட்டுரு." அந்தக் கணக்குப்படி பஞ்ச் அடித்த பேரிங் குழி லேத்துக்குப் போனது. அதைக் கடைந்து ஸ்லீவ் போட்டு பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மரை பெரிதான துளைக்கு ஏற்ற ஸ்குரூ கிடைத்தது, அப்படியே விட்டோம். வெல்டிங் தழும்பின் மேல் யாரும் கை வைக்கவில்லை. தேதியையும் விட்டுவிட்டோம்.

சிலிண்டர் வேறு ஜாதி. வார்ப்பிரும்பில் துரு இறங்கியிருந்தது. அதற்குக் கண்ணாடி மணி போதாது என்று தம்பி கூம்பைக் கழுவிவிட்டு அலுமினியம் ஆக்சைடு மணலைப் போட்டார். பாக்சைட்டை மின் உலையில் உருக்கித்தான் அந்த மணலையும் செய்கிறார்கள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும். உலோகமாக்கினால் மிருதுவாக இருக்கிற பொருள், ஆக்சைடாக இருக்கும்போது இரும்பையே அறுக்கிறது. சிலிண்டரின் உள்துளையை இரண்டு பக்கமும் மரக்கட்டையால் அடைத்துவிட்டுத் துடுப்புகளை மட்டும் அடித்தார். அலுமினியத்துக்குத் தண்ணீர் பகை இல்லை. இரும்புக்கு உடனே பகை. பெட்டியைத் திறந்து வெளியே எடுத்த சில நிமிஷத்திலேயே செம்பழுப்பாகப் பூக்க ஆரம்பித்துவிடும். அதனால் காற்றையும் ஹீட் கன்னையும் தயாராக வைத்துக்கொண்டு, எடுத்த கையோடு உலர்த்தி, சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்டை அன்றைக்கே அடித்துவிட்டார். ரீபோர் பிறகு லேத்தில் நடந்தது.

பளபளப்பு வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் அதிகம். மேஸ்திரிக்கு அங்கேதான் வேலை ஆரம்பித்தது. மணல் தெரியும், மணி தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள கண்ணாடி உருண்டை ஒரு ஆயில் வழியில் தங்கிவிட்டால், இன்ஜின் ஓட ஆரம்பித்த முதல் நிமிஷத்தில் அது ஆயிலோடு சேர்ந்து பிக் எண்ட் வரைக்கும் போகும். புல்லட்டில் ஆயில் பம்பு இரண்டும் டைமிங் பக்கத்தில் இருக்கின்றன; ஒன்று அனுப்பும், ஒன்று திருப்பி எடுக்கும். கிராங்க் முனையில் இருக்கிற புழுப்பல் அவற்றைச் சுற்றும். டைமிங் கவருக்குள்ளேயே ஆயில் வழி துளைத்திருப்பார்கள். துளைத்த பக்கத்து வாயை ஸ்குரூ போட்டு அடைத்திருப்பார்கள். அந்த ஸ்குரூவைக் கழற்றாமல் எவ்வளவு கழுவினாலும் முட்டுச்சந்தில் மணி நிற்கும். ஆயில் தங்கும் பின்னறையின் மூலைகளும் அப்படித்தான்.

அடைப்பு ஸ்குரூக்கள் ஒவ்வொன்றையும் மேஸ்திரி கழற்றினார். சின்ன பித்தளை பிரஷ், கொதிக்கிற சோப்புத் தண்ணீர், காற்று. மறுபடி பிரஷ், மறுபடி தண்ணீர், மறுபடி காற்று. ஒவ்வொரு மரையிலும் டேப் இறக்கி ஏற்றினார். மரைப் பல்லில் ஒளிந்திருக்கிற மணி அதில்தான் வரும். கடைசியில் சுத்தமான வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் காற்றடித்து, துணியை விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தார். கரகரத்தால் மறுபடி முதலிலிருந்து. பட்டறையில் வேலை பழகுகிற பையன் சலித்துப்போய், "போதும் மாமா, அதான் சுத்தமாயிருச்சே" என்றான். "சுத்தமாத் தெரியுது. சுத்தமாயிருச்சான்னு துணிதான் சொல்லணும்" என்றார்.

தம்பியிடம் கழிவைப் பற்றியும் கேட்டேன். உடைந்த கண்ணாடியும் அலுமினியத் தூளும் பழைய ஆயிலின் கறையும் கலந்த சேறு அது. அவர் அதைப் பீப்பாயில் படியவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை மறுபடி கூம்பில் ஊற்றுகிறார். அடியில் தங்குவதைக் காயவைத்து மூட்டை கட்டி வைத்திருக்கிறார், வாய்க்காலில் விடுவதில்லை. எங்கள் இன்ஜினின் சிவப்பும் அந்த மூட்டைகளில் ஒன்றில்தான் இருக்கிறது.

இன்ஜின் கூடியதும் முதலில் கிக்கரை ஆயில் ஏறும்வரை டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு வெறுமனே மிதித்தோம். ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் முனையைத் தளர்த்தி, ஆயில் கசிகிறதா என்று பார்த்த பிறகே பிளக்கை மாட்டினார் மேஸ்திரி. அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்படி பிஸ்டனை நிறுத்தி, ஒரே மிதி. சத்தம் வந்தது.

அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர்வராயன் கோயில் வரை மெதுவாக ஓட்டினேன். புது பிஸ்டன் ரிங் என்பதால் ஏற்றத்தில் அவசரப்படுத்தவில்லை. வளைவுகளுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டேன். மே மாதம் கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து சனம் வந்து நிறையும். அன்றைக்கு அப்படி இல்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பூசாரி குனிந்து பார்த்துவிட்டு, "இது டைம் கீப்பர் வண்டிதானே" என்றார். அவருக்கு வண்டியைக் காட்டிக்கொடுத்தது டேங்கின் பெயின்ட் இல்லை, அது மாறியிருந்தது. அடியில் இருக்கிற தழும்பும் இல்லை, அது அவருக்குத் தெரியாது. அந்தச் சத்தம்தான் என்று அவரே சொன்னார்.

கீழே இறங்கியதும் சூடு ஆறுவதற்குள் மேஸ்திரி ஆயிலை இறக்கச் சொன்னார். ஓடியது ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான், ஆயில் புதுசு, இருந்தாலும் இறக்கச் சொன்னார். வெள்ளைத் துணியில் வடிகட்டினார். காந்தத்தை ஓட்டியதும் மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியது. அது புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழகுகிற தூள், வரத்தான் செய்யும். கண்ணாடி காந்தத்தில் ஒட்டாது. துணியை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார், என்னையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். கரகரப்பு இல்லை. "இனிமே ஓட்டுங்க தம்பி" என்றார்.

அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, எங்கே பிளாஸ்டிங் செய்தீர்கள், எவ்வளவு ஆனது, எவ்வளவு நாள் பளிச்சென்று இருக்கும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. முகவரி கொடுக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால், அடித்து முடித்த பிறகு ஆயில் வழிகளை யார் கழுவப்போகிறார்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பதில் வைத்திருப்பவர்களின் இன்ஜின்தான் அடுத்த மழைக்கும் மலையேறும்.